இரண்டாம் மாடியில் ஒரு மோட்டார் சைக்கிள்

கம்பவுண்டரம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். புதிதாக வந்திருக்கும் மோட்டார் சைக்கிள் நம்முடைய மேட்டுப் பாதைக்கு ஒத்து வருமா, வராதா? வரும் என்றால் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கடிதம் மொத்தமே அரைப் பக்கம். அதிலும் பாதி, மதிப்பும் மரியாதையும் தெரிவிப்பதிலேயே தீர்ந்துபோனது.

இதற்குப் பதில் சொல்லக் கால்நடைத் துறைக்கு ஒரு வருஷமும் நாலு மாசமும் பிடித்தது.

அவர் வேலை பார்க்கும் கால்நடை மருந்தகத்தில் டாக்டர் நாற்காலி ஆறு வருஷமாகக் காலி. நாற்காலியைத் துடைப்பது, ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது, ரிப்போர்ட் எழுதுவது எல்லாம் கம்பவுண்டரம்மாதான். மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடக்கும் பதினேழு குடியிருப்புகள். மருந்து ஐஸ்பெட்டியில் போக வேண்டும், கெட்டுப்போவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதற்காகத் துறை கொடுத்திருந்த வண்டிக்கு வயசு பத்தொன்பது. பெட்ரோல் டேங்கை டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தார். பத்து உதை உதைத்தால் ஒரு தடவை இருமும். இருபது உதைத்தால் கிளம்பினாலும் கிளம்பும்.

"என்னைக் கட்டிக்கிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வந்தது இந்த வண்டி," என்பார் அவர் கணவர். அரவை மில்லில் வேலை. எந்நேரமும் இமை வரைக்கும் மாவு. "என்னை இத்தனை உதை உதைச்சிருந்தா நான் எப்பவோ ஓடிப் போயிருப்பேன். அது பாவம், ஓடவும் மாட்டேங்குது."

புது மாடலைக் கம்பவுண்டரம்மா முதலில் பார்த்தது 'ஸ்பேனர்' கடையில். ஸ்பேனர் என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். அவர் வீட்டாரே அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரோ ஒருவர் முதல் சர்வீஸுக்கு விட்டிருந்த வண்டி அது. "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கம்மா, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்று ஸ்பேனர் சாவியைக் கையில் வைத்தார். கம்பவுண்டரம்மா மேட்டு உச்சி வரைக்கும் போய்த் திரும்பினார். திரும்பி வந்து இறங்கியபோது முகத்தில், எண்ணெய் தடவி வாரிவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளையின் களை.

ஸ்பேனர் கீழே குனிந்து, மேலே நிமிர்ந்து, ஒரு தட்டுத் தட்டித் தன் தீர்ப்பைச் சொன்னார். "சீட்டு ரெண்டு விரக்கடை தணிவு. உங்க கால் தரையில எட்டுது. அடியில கல்லு தட்டாது. பின்கம்பி கெட்டி, ஐஸ்பெட்டியைத் தாராளமா கட்டலாம். செயின் மூடி மட்டும் வெறும் தகரம், அதை நான் மாத்தித் தர்றேன். வாங்கலாம்மா."

மொத்த ஆய்வும் ஐந்து நிமிஷம்.

சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன என்று அவரும் கணவரும் பேசாமல் இல்லை. ஆனால் துறை மருந்தைச் சொந்த வண்டியில் ஏற்றிப்போனால் அது கடத்தலுக்குச் சமம் என்று ஒரு பழைய சுற்றறிக்கை சொல்கிறது. அதை எழுதியவர் செத்துப் போய்விட்டார். சுற்றறிக்கை நல்ல திடகாத்திரமாக இருக்கிறது. அதனால்தான் அந்த அரைப் பக்கக் கடிதம்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. வண்டியைப் பற்றி அல்ல. வண்டியைப் பற்றி முடிவெடுக்க 'வாகனத் தகுதி ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டிருப்பதாகவும், கம்பவுண்டரம்மா அதில் 'களப் பிரதிநிதி' என்றும், அவர் கூட்டத்துக்கு வரலாம், கேட்டால் பேசலாம், ஓட்டுப் போட முடியாது என்றும் எழுதியிருந்தது.

"பரவாயில்லையே, உன்னையும் ஒரு ஆளா மதிச்சிருக்காங்க," என்றார் கணவர்.

தலைமை அலுவலகம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். இரண்டாம் மாடியில் கூட்ட அறை. நீள மேசை, பச்சைத் துணி, அதன் மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் பழைய வருஷக் காலண்டர் படங்கள். குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்று, மறுபடி அழைக்கப்பட்டு, மறுபடி ஓய்வுபெற்று, மறுபடியும் அழைக்கப்பட்டவர். அடுத்தவர் செயலாளர், விதிப் புத்தகத்தைப் பக்க எண்ணோடு ஒப்பிப்பவர். மூன்றாமவர் தொழில்நுட்ப உறுப்பினர். கோழித் தீவனத்தில் முப்பது வருஷ அனுபவம்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு விஷயத்தை முதல்லயே வெளிப்படையா சொல்லிடறேன். என் வாழ்க்கையில நான் மோட்டார் சைக்கிள்ல ஏறினதே கிடையாது. ஓட்டினதும் இல்ல, பின்னால உக்காந்ததும் இல்ல. அதனால எனக்கு எந்த வண்டி மேலயும் விருப்பும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. இப்படி ஒரு நடுநிலையான ஆளைத்தான் மேலிடம் ரொம்ப நாளா தேடிட்டிருந்தது."

மற்ற இருவரும் மேசையைத் தட்டினார்கள். தலைவர் உட்கார்ந்தார், பிறகு நினைவு வந்து மறுபடி எழுந்து, "என் அனுபவத்துல இதுவரை பதினோரு குழுவுக்குத் தலைவரா இருந்திருக்கேன். ஒரு குழு கூட அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்ததுன்னு யாரும் விரல் நீட்ட முடியாது," என்று சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தொழில்நுட்ப உறுப்பினர் தன் பங்குக்கு, "உள்ள போற தீவனம் சரியா இருந்தா கோழி தானா வளரும். எஞ்சினும் அப்படித்தான்," என்றார். அது குறிப்பேட்டில் ஏறியது.

கம்பவுண்டரம்மாவின் கடிதம் வாசிக்கப்பட்டது. முதல் வரியிலேயே நின்றுவிட்டது. 'வண்டி' என்று எழுதியிருக்கிறாரே, என்ன வண்டி?

"இருசக்கர வாகனம்னு திருத்திடலாம்," என்றார் தொழில்நுட்ப உறுப்பினர்.

"திருத்தலாம். ஆனா மாட்டுவண்டிக்கும் சக்கரம் ரெண்டுதான்," என்றார் செயலாளர். "அதுலயும் நாம கால்நடைத் துறை. நாளைக்குத் தணிக்கைக்காரங்க வந்து, மாட்டுவண்டியை ஏன் ஒப்பிட்டுப் பாக்கலைன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொல்ல யாருக்கும் விருப்பம் இல்லை. ஆகவே மாட்டுவண்டியும் ஆய்வில் சேர்ந்தது. பதினாலு கட்டம் போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரானது. எரிபொருள்: மாட்டுவண்டிக்குத் தேவையில்லை. புகை: இல்லை. இரைச்சல்: மிதம். பழுது பார்க்கும் வசதி: மாட்டுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் உள்ளூரிலேயே கம்பவுண்டரம்மா இருக்கிறார். சாயங்காலத்துக்குள் பதினாலில் ஒன்பது கட்டத்தை மாட்டுவண்டி ஜெயித்துவிட்டது.

கம்பவுண்டரம்மா கை தூக்கினார். "ஐயா, கன்னு வயித்துல குறுக்க விழுந்துட்டா ஒரு மணி நேரத்துல போய்ச் சேரணும். மாட்டைக் காப்பாத்த மாட்டுவண்டியில போனா..."

"உங்க உணர்ச்சி எனக்குப் புரியுதும்மா," என்றார் தலைவர். பிறகு செயலாளர் பக்கம் திரும்பி, "குறிப்புல 'உணர்ச்சி'ன்னு போட்டுக்கங்க," என்றார்.

செயலாளர் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது கூட்டத்துக்கு வண்டியே வரும் என்று சொல்லியிருந்தார்கள். கம்பவுண்டரம்மா அன்று விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். கழுத்தில் டை கட்டிய ஷோரூம்காரர் கீழே வாசலில் புத்தம் புது வண்டியோடு நின்றார். துடைத்த துணியின் வாசனை கூடப் போகாத வண்டி. ஆனால் தலைவருக்கு முழங்கால் வலி. மாடி இறங்க முடியாது. 'ஆய்வு, குழுவின் முன்னிலையில் நடைபெற வேண்டும்' என்று விதி. தலைவர் இறங்க முடியாது, விதி வளையாது. ஆக, வண்டிதான் ஏற வேண்டியிருந்தது.

ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் வண்டியின் பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்தது. அறைக்குள் வைத்த பிறகு தீயணைப்பு விதி குறுக்கே வந்தது: மாடியில் பெட்ரோல் கூடாது. பெட்ரோலை வடித்தார்கள். பேட்டரியைக் கழற்றினார்கள். சாவியை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துச் செயலாளர் பீரோவில் பூட்டினார்.

"இப்ப ஆய்வை ஆரம்பிக்கலாம்," என்றார் தலைவர்.

தொழில்நுட்ப உறுப்பினர் தையல்காரரின் டேப்பை எடுத்து நீளம் அளந்தார். கம்பெனிப் புத்தகத்தில் இருந்ததற்கும் டேப்பில் வந்ததற்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். கம்பெனியிடம் விளக்கம் கேட்பது என்று தீர்மானித்தார்கள். டயரை அழுத்திப் பார்த்தார். ஹாரனை அழுத்திப் பார்த்தார். ஹாரன் அடிக்கவில்லை. 'ஒலிப்பான் இயங்கவில்லை' என்று எழுதப்பட்டது.

"பேட்டரியைக் கழட்டிட்டீங்களே சார்," என்றார் ஷோரூம்காரர்.

"நாங்க கண்டதைத்தான் எழுத முடியும். ஊகத்தை எல்லாம் எழுத முடியாது," என்றார் செயலாளர்.

கம்பவுண்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கீழ கொண்டு போய் ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டா தெரிஞ்சிடுமே."

தலைவர், குழந்தைக்குச் சொல்வது போல, மெதுவாகச் சொன்னார். "ஓட்டிட்டா அது பழைய வண்டி ஆயிடும்மா. பழைய வண்டியை வாங்க நமக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப ஓட்டாம எப்படிய்யா தெரியும்?"

"அதுக்குத்தானேம்மா குழு."

பிறகு தலைவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவை. கைப்பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் இறங்கவில்லை. "நல்லா இருக்கு. இதுல உக்காந்துகிட்டே கோப்பு பாக்கலாம் போல," என்றார். துறை மலருக்காகப் புகைப்படம் எடுத்தார்கள். மற்ற இருவரும் ஏறினார்கள். டீ கொண்டுவந்தவர் கூட ஏறினார். கம்பவுண்டரம்மா தானும் ஒரு தடவை உட்காரலாமா, கால் எட்டுவதைக் காட்டிவிடலாமே என்று கேட்டார்.

செயலாளர் புத்தகத்தைப் புரட்டினார். "நீங்க பயன்படுத்துற ஆளு. நீங்க உக்காந்தா அது பயன்பாடு. நாங்க உக்காந்தா ஆய்வு."

கம்பவுண்டரம்மா ஓரத்தில் நின்று, மற்றவர்கள் உட்காருவதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினார். வண்டி கீழே இறங்கவில்லை. 'ஆய்வுக்காக உள்ளே வந்தது' என்று வாசலில் நுழைவுச் சீட்டில் எழுதிவிட்டதால், ஆய்வு முடிந்தால்தான் வெளியே போக முடியும்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு மத்தியான வேளை, கடைசிக் குடியிருப்பிலிருந்து பால்காரம்மா போன் பண்ணினார். கணவன் இல்லாதவர்; வீட்டில் இருக்கிற ஒரே பசுதான் அவருக்கு வயல், கடை, பென்ஷன் எல்லாம். "தண்ணிக்குடம் உடைஞ்சு நேரமாச்சும்மா. ஒரு கால் மட்டும் வெளிய தெரியுது. முக்குது, வர மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க."

"சுடுதண்ணி வைங்க. இதோ வந்துட்டேன்."

கம்பவுண்டரம்மா கயிறு, நீளக் கையுறை, சோப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு வண்டியை உதைத்தார். பத்து. இருபது. முப்பத்தைந்தாவது உதையில் உள்ளே ஏதோ 'கடக்' என்றது. அதற்குப் பிறகு உதைகோல் அசையவே இல்லை. ஸ்பேனர் கடைக்கு ஓடினார். அன்று கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் யார் வீட்டிலும் வண்டி இல்லை. சாலை வரை ஓடி, ஒரு செங்கல் லாரியை மறித்து ஏறி, லாரி திரும்புகிற இடத்தில் இறங்கி, மிச்சம் ஆறு கிலோமீட்டர் மேட்டை நடந்தும் ஓடியும் கடந்தார்.

போய்ச் சேர்ந்தபோது கிளம்பி இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கன்று உள்ளேயே செத்திருந்தது. அதைத் திருப்பி வெளியே எடுத்தார். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, கன்னத்தை மாட்டின் தொடை மேல் அழுத்திக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட எடுத்தார். பசு தலையைத் திருப்பி ஒரு தடவை பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டித் தரையில் வைத்தது. அவ்வளவுதான்.

பால்காரம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. "தண்ணி ஆறிப் போச்சு. மூணு தடவ சுட வச்சுட்டேன்," என்றார். "நீங்க என்ன பண்ணுவீங்க. வாங்க, கையைக் கழுவுங்க."

அந்த 'நீங்க என்ன பண்ணுவீங்க' கம்பவுண்டரம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. திட்டியிருந்தால் கூட இறங்கியிருக்கும்.

மூன்றாவது கூட்டத்துக்கு அவர் நடந்ததை எல்லாம் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனார். கூட்ட அறையில் வண்டி அதே இடத்தில் நின்றது. ஒரு கைப்பிடியில் யாருடைய குடையோ, மறு கைப்பிடியில் சாப்பாட்டுப் பை. தலைவர் இப்போது நாற்காலியில் உட்காருவதில்லை. வண்டி மேலேயே உட்கார்ந்து கூட்டம் நடத்தினார். முழங்காலுக்கு இதமாக இருக்கிறதாம்.

இரண்டு பக்கத்தையும் செயலாளர் சத்தமாக வாசித்தார். தலைவர் முகம் நிஜமாகவே வாடியது.

"வருத்தமான விஷயம். குழுவே வருத்தப்படுது. எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்," என்றார். அவரால் சட்டென்று இறங்க முடியாததால் அவர் மட்டும் வண்டி மேலேயே மௌனமாக இருந்தார். நாற்பதாவது நொடியில் டீ வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணும்மா," என்றார், டீயை ஊதிக்கொண்டே. "ஆய்வு நடந்துட்டிருக்கும்போது இப்படி மாடு செத்தா, அது ஆய்வை ஒரு பக்கமா சாய்ச்சிடும். முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கணும்."

"வண்டி இருந்தா தவிர்த்திருக்கலாம்யா."

"சரி. புது வண்டி இருந்திருந்தா அந்த மாடு பிழைச்சிருக்கும்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"பிழைச்சிருக்கலாம்யா. முக்கால் மணி நேரத்துல போயிருப்பேன். கன்னு போனாலும் தாயையாவது..."

"'லாம்' வேண்டாம். பிழைச்சிருக்கும், பிழைச்சிருக்காது. ரெண்டுல ஒண்ணு."

கம்பவுண்டரம்மா உண்மையைத் தவிர வேறு எழுதிப் பழகாதவர். இருபது வருஷமாக மாடுகளோடு இருந்தவருக்கு மாடு பிழைப்பதும் போவதும் யார் கையிலும் இல்லை என்று தெரியும்.

"உறுதியா சொல்ல முடியலை," என்று தலைவரே செயலாளருக்குச் சொன்னார். "அப்ப வண்டிக்கும் மாட்டுக்கும் சம்பந்தம் இருக்கறதா நிரூபணம் ஆகலைன்னு எழுதிக்கங்க."

போகட்டும், பழைய வண்டியையாவது பழுது பார்த்துக் கொடுங்கள் என்றார் கம்பவுண்டரம்மா. செயலாளர் அதற்கும் பக்க எண் வைத்திருந்தார். மாற்றப் போகிறோம் என்று ஆய்வில் இருக்கும் வண்டிக்குப் பழுதுச் செலவு செய்யக் கூடாது. சரி, மாற்றிவிடுங்கள் என்றால், பழையதோடு புதியதை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மாற்ற முடியும். ஒப்பிட வேண்டுமானால் பழைய வண்டி ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும்.

"ஓடலையேய்யா."

"அதான் சிக்கல்," என்றார் செயலாளர். அவர் குரலில் கர்வம் இருந்ததே தவிரக் கவலை இல்லை. நல்ல சிக்கல் ஒன்று கிடைப்பது அவர் வேலையில் அபூர்வம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார் கம்பவுண்டரம்மா. கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"விட்டுட்டு வந்துடேன் அந்த வேலையை."

"விட்டுட்டு?"

"மில்லுக்கு வா. மாவு அரைக்கலாம்."

"அங்க ஆள் தேவைப்படுதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல. இருக்கறவங்களையே குறைக்கப் போறதா பேச்சு," என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதன் பிறகு கம்பவுண்டரம்மா நடந்தே போனார். ஒரு நாளைக்கு ஒரு குடியிருப்பு. ஐஸ் பாதி வழியிலேயே கரைந்தது. மருந்தைக் கொட்டிவிட்டுத் திரும்பிய நாட்களும் உண்டு. முதல் மாதம் ஜனங்கள் போன் பண்ணினார்கள். இரண்டாம் மாதம் பாதிப் பேர் பண்ணினார்கள். அப்புறம் போன் அடிப்பதே அபூர்வமாயிற்று. "கூப்பிட்டா பாவம் அவங்க நடந்துல்ல வரணும்" என்று ஒரு வீட்டில் சொன்னது அவர் காதுக்கே வந்தது.

அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்து, குழுவுக்காக இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அறிக்கை கொடுத்தார். அதில் மோட்டார் சைக்கிளின் வரலாறு மட்டும் அறுபது பக்கம். கடைசிப் பக்கத்தில் முடிவு: 'இந்த மாடல் வாங்கத் தகுந்தது. எனினும் வாங்காமல் இருப்பதிலும் சில சாதகங்கள் உள்ளன.'

கம்பவுண்டரம்மாவும் போயிருந்த நாலாவது கூட்டத்தில், அறிக்கையைத் தலைவர் மார்போடு அணைத்துக்கொண்டார். "பாத்தீங்களா? ரெண்டு பக்கமும் பாத்து எழுதியிருக்காரு. இதுதான் ஆய்வு. என்ன முடிவெடுத்தாலும் இதுல நமக்கு ஆதாரம் இருக்கு."

எல்லோரும் கையெழுத்துப் போட்டு, வாங்கலாம் என்றே தீர்மானித்தார்கள். கம்பவுண்டரம்மாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. செயலாளர் ஷோரூம்காரருக்குப் போன் போட்டார். பேசி முடித்துப் போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த மாடலை நிறுத்தி மூணு மாசம் ஆச்சாம். இப்ப வேற மாடலாம்."

வெண்ணெய் திரண்டு வருகையில் தாழி உடைந்த கதை. ஆனாலும் கம்பவுண்டரம்மா அறையின் நடுவே கை காட்டினார். "ஐயா, அதான் இங்க ஒண்ணு நிக்குதே!"

எல்லோரும் திரும்பி, தலைவர் உட்கார்ந்திருந்த வண்டியைப் பார்த்தார்கள். அது அங்கே நிற்பது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது. செயலாளர் குனிந்து அடிச்சட்டத்தில் இருந்த எண்ணைப் படித்தார்.

"இது போன வருஷத்து வண்டி. பழசு."

"ஒரு அடி கூட ஓடலையேய்யா!"

"நின்னுகிட்டே பழசாயிடுச்சும்மா," என்றார் செயலாளர்.

புது மாடலுக்குப் புதுக் குழு போட வேண்டும், பழைய அனுபவம் வீணாகாது என்று தலைவர் தெம்பு சொன்னார். கம்பவுண்டரம்மா வணக்கம் சொல்லக் கூட மறந்து படி இறங்கினார்.

புதுக் குழு வரவில்லை. அதற்குப் பதில் ஒரு கடிதம் வந்தது. பதினேழு குடியிருப்புகளிலும் மாடுகளின் எண்ணிக்கை ஒரு வருஷத்தில் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. சிகிச்சைக்காக வரும் அழைப்புகள் அநேகமாக நின்றுவிட்டன. இதிலிருந்து கால்நடைகளின் ஆரோக்கியம் மேம்பட்டிருப்பது தெரிகிறது. எனவே வாகனத்துக்குத் தேவை எழவில்லை; மருந்தகத்துக்கும் தேவை எழவில்லை. மூடுவதற்கு வசதியாக, வீடு வீடாகப் போய் மாடு இல்லை என்று கையெழுத்து வாங்கிவரக் களப் பிரதிநிதி கேட்டுக்கொள்ளப்படுகிறார். கடைசி வரியில், குழு தன் பணியை வெற்றிகரமாக நிறைவு செய்ததற்குப் பாராட்டு.

கம்பவுண்டரம்மா போனார். பதினேழு குடியிருப்புக்கும் நடந்தே போனார். கொட்டில்களில் விறகு அடுக்கியிருந்தார்கள். சிலவற்றில் கதவைப் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். "கூப்பிட்டா வர ஆளில்ல, நோவு வந்து சாகறதுக்குள்ள வித்துட்டோம்," என்று சொன்னவர்கள், யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "உங்களைச் சொல்லலைம்மா," என்றார்கள்.

கடைசிக் குடியிருப்பில் பால்காரம்மா வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் டவுனுக்குப் போகிறாராம். லாட்ஜில் அறை கூட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"மாடு எத்தனைன்னு போடணும்மா?"

"இல்லைன்னு போடுங்க."

போட்டார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு அந்த வண்டி வந்துச்சா?" என்றார்.

"வரலைம்மா."

"வந்தாலும்தான் இனிமே எதைப் பாக்க வரப்போறீங்க," என்றார் பால்காரம்மா. குத்திக்காட்டச் சொன்னது அல்ல. சும்மா, மழை வரும் போலிருக்கு என்று சொல்வது மாதிரிச் சொன்னது.

திரும்பி வரும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பாதி இறக்கத்தில் பின்னால் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றது. மாட்டுத் தரகர். நாலைந்து வருஷமாக இந்தப் பக்கம் வந்துபோகிறவர்; நல்ல மனுஷர், யாரையும் விலையில் ஏமாற்றியதில்லை என்று பெயர்.

"என்னம்மா, இவ்வளவு தூரம் நடையா? ஏறுங்க, சாலை வரைக்கும் விட்டுடறேன்."

கம்பவுண்டரம்மா தயங்கினார். கால் தயங்கவில்லை, ஏறிவிட்டது. உட்கார்ந்த பிறகுதான் டேங்கின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். அந்த மாடல்தான்.

"இந்த வண்டியை நிறுத்திட்டாங்களாமே," என்றார், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"ஆமாம்மா. நல்லவேளை, வந்த வாரமே வாங்கிட்டேன்."

"யோசிச்சு வாங்கினீங்களா?"

"யோசிக்காமயா? பொஞ்சாதி வேண்டாம்னா. ஒரு டீ குடிச்சுக்கிட்டே யோசிச்சேன். கிளாஸை வச்சேன், வாங்கிட்டேன்."

இறக்கம் முடிந்து ஒரு மேடு வந்தது. வண்டி முக்காமல் முனகாமல் ஏறியது.

"நிஜமா சொல்றேம்மா," என்று தரகர் காற்றில் கத்திச் சொன்னார். "இது இல்லைன்னா ஒரே வருஷத்துல பதினேழு குடியிருப்புக்கும் வீடு வீடா வந்துபோக முடியுமா? அத்தனை மாட்டையும் நான் எங்க பிடிச்சிருக்கப் போறேன்? நீங்க சொல்லுங்க, வண்டி எப்படி இருக்கு?"

கம்பவுண்டரம்மா மடியில் இருந்த கையெழுத்துத் தாள்கள் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வண்டிதான்யா," என்றார்.